கரும்பு வயலுக்கு வந்த தேரை

கரும்புத் தேரைக்குப் பல் கிடையாது. கடிக்கவும் மெல்லவும் வகையில்லாததால், வாய்க்குள் அடங்கும் எதையும் அது முழுசாகவே விழுங்குகிறது. அதன் நாக்கு தொண்டைப் பக்கம் வேர்கொண்டதல்ல. கீழ்த்தாடையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கிறது, நுனி உள்நோக்கி மடிந்து கிடக்கிறது. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் நாக்கு வெளியே புரண்டு விழுந்து, எச்சிலின் பசையில் இரையை ஒட்டி இழுத்துக்கொண்டு திரும்புகிறது. எக்ஸ்ரே படக்காட்சியில் இதைப் பதிவுசெய்த ஆய்வாளர்கள், திரும்பும் நாக்கு தொண்டையையும் தாண்டி இதயத்தின் அருகே வரை போய்விடுவதைக் கண்டார்கள். உணவை நாக்கிலிருந்து பிரித்தெடுப்பதற்கென்றே வாயின் மேற்கூரையில் வரிவரியான மேடுகள் இருக்கின்றன. நாக்கு வெளியே போய் இரையைப் பிடிப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

எது இரை என்பதைப் பெரும்பாலும் கண்தான் தீர்மானிக்கிறது. 1959இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும் தவளையின் கண்ணை ஆராய்ந்தபோது, சிறியதாகவும் கருமையாகவும் நகர்வதாகவும் உள்ள பொருளுக்கு மட்டும் துடிக்கும் நரம்பிழைகள் அதில் இருப்பது தெரிந்தது. பிறகு ஜெர்மனியின் காசல் நகரில் யோர்க்-பீட்டர் எவர்ட் தேரைகளின் முன்னால் அட்டைப் பட்டைகளை நகர்த்திப் பார்த்தார். நீளவாக்கில் ஊர்ந்த பட்டையைத் தேரை புழு என்று நினைத்துத் துரத்தியது. அதே பட்டையை நிமிர்த்திவைத்து நகர்த்தியபோது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீர்நில வாழ்விகளின் உணவுப் பழக்கம் இந்த எளிய விதியின் மேல் நிற்கிறது. விதி எளியது என்பதாலேயே அது எங்கும் செல்லுபடியாகிறது. ஓரிடத்தில் கறையான், இன்னோரிடத்தில் வண்டு, வேறோரிடத்தில் நத்தை என்று தட்டு மாறிக்கொண்டே இருக்கும். உண்ணும் முறை மாறாது. இந்த நெகிழ்ச்சியைத் தவறாகக் கணக்கிட்டதுதான் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கரும்புத் தொழில் செய்த பெரும்பிழை.

கரும்புத் தேரையின் தாயகம் டெக்ஸாஸின் தென்கோடியிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாக அமேசான் படுகை வரை நீள்கிறது. லின்னேயஸ் 1758இலேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அங்கே அது காட்டு விளிம்புகளிலும் ஆற்றோரங்களிலும் எறும்பு, கறையான், வண்டு ஆகியவற்றை முதன்மையாகத் தின்று வாழ்கிறது. கிடைத்தால் சிறு தவளை, பல்லி, எலிக்குஞ்சு எதையும் விடுவதில்லை. வளர்ந்த தேரை சாதாரணமாக ஒரு சாண் நீளத்துக்குக் குறைவுதான். ஆனால் 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்வே தேசியப் பூங்காவில் பிடிபட்ட பெண் தேரையின் எடை 2.7 கிலோ. அந்த அளவு வளர்ந்த தேரைக்குப் பூச்சி மட்டுமே உணவாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு தொல்லையை ஒழிக்க வேறொரு பிராணியை வரவழைப்பது தோட்ட முதலாளிகளிடம் தேரைக்கு முன்பே வேரூன்றிய பழக்கம். வெட்டுக்கிளியைத் தின்ன இந்தியாவிலிருந்து மைனா 1762இல் மொரீஷியஸுக்குப் போனது. கரும்பைக் கடித்த எலிகளுக்காக, 1872இல் எஸ்பியூட் என்ற தோட்டக்காரர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்கு வரவழைத்தார். அவற்றின் வழிவந்தவை 1883இல் ஹவாய்க்கும் போய்ச் சேர்ந்தன. கீரி பகலில் திரிவது, எலி இரவில் திரிவது. இரண்டும் சந்தித்துக்கொண்டது குறைவு. கீரிகள் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்று கொழுத்தன. இந்த அனுபவம் கண்முன் இருந்தும் பழக்கம் நிற்கவில்லை. கரும்புத் தேரையே கீரிக்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகள் சிலவற்றுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது. ஜமைக்காவில் அதை விட்டது எலியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில்; ஆனால் எலிகள் குறைந்தபாடில்லை.

புவேர்ட்டோ ரிக்கோவில் கதை வேறுவிதமாகத் தோன்றியது. அங்கே கரும்பின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்கள் விளைச்சலைப் பாதித்துவந்தன. புழுக்களையும் அவற்றின் தாய் வண்டுகளையும் கூலியாட்கள் கையால் பொறுக்கினார்கள். 1920களின் தொடக்கத்தில் தேரைகள் இரு முறை கொண்டுவரப்பட்டன. பத்தாண்டுகளில் அவை தீவெங்கும் பெருகின. வெள்ளைப் புழுவும் குறைந்தது. 1932இல் சர்வதேசக் கரும்புத் தொழில்நுட்பர் சங்கத்தின் மாநாடு அதே தீவில் கூடியபோது, ராகேல் டெக்ஸ்டர் என்ற ஆய்வாளர் 301 தேரைகளின் இரைப்பையைத் திறந்து பார்த்த கணக்கை வாசித்தார். உள்ளே இருந்தவற்றில் 51 விழுக்காடு பயிருக்குக் கேடு செய்பவை, 42 விழுக்காடு நன்மையும் தீமையும் இல்லாதவை, 7 விழுக்காடு மட்டுமே நன்மை செய்பவை.

டெக்ஸ்டரின் வேலை நேர்மையானது, கவனமானது. தேரை அந்தத் தீவில், அந்த வயல்களில், அந்தப் பருவத்தில் என்ன தின்றது என்பதை அது சரியாகவே சொன்னது. மாநாட்டில் கேட்டவர்கள் அதைத் தேரையின் குணமாக எடுத்துக்கொண்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோ வண்டுகள் தரையோரமாக வந்து போனதால் தேரையின் நாக்குக்கு எட்டின. தவிர, 1931க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே மழை வழக்கத்தைவிட மிக அதிகம். புழு குறைந்ததில் மழைக்கு எவ்வளவு பங்கு, தேரைக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பாராட்டு முழுவதும் தேரைக்கே போய்ச் சேர்ந்தது; லண்டனின் ‘நேச்சர்’ இதழும் தேரைகள் கரும்பைக் காப்பாற்றியதாகச் செய்தி போட்டது.

ஹவாய்க் கரும்புத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் பூச்சியியலாளர் சிரில் பெம்பர்ட்டன் 1932இலேயே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 148 தேரைகளை ஒவாஹு தீவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின் வாரிசுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகிப் பல தீவுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பசிபிக்கின் மற்ற கரும்பு நாடுகளுக்குத் தேரை கிளம்பிய துறைமுகம் அதன்பின் ஹவாய்தான். பிலிப்பைன்ஸுக்கு 1934இல் போனது. ஃபிஜிக்கு 1936இல் போனது; அங்கே அது இறங்கிய கரும்பு வயல்களில் 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் உழைப்பும் புதைந்திருந்தது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இந்தக் கதையின் மையம். அங்கே 1860களில் தொடங்கிய கரும்புச் சாகுபடி, பசிபிக் தீவுகளிலிருந்து ஏமாற்றியும் கடத்தியும் ஒப்பந்தத்தின் பேரிலும் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 62,000 தீவினரின் உழைப்பால் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோரை அரசு திருப்பி அனுப்பியது. மலிவான உழைப்பு போனதும், பூச்சியை ஆள் வைத்துப் பொறுக்குவது கட்டுப்படியாகாத செலவாகிவிட்டது. ஆலைகள் வண்டுகளை எடை போட்டுக் காசு கொடுத்துப் பார்த்தன. மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடு செலுத்திப் புழுவைக் கொல்வதும் நடந்தது. அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது, வேலையும் மெதுவானது.

எதிரி எளிதில் சிக்கும் வகையல்ல. வடக்குக் குவீன்ஸ்லாந்தில் கரும்பைக் கெடுத்தவற்றில் முதன்மையானது சாம்பல்முதுகு வண்டு. ஆண்டின் கடைசி மாதங்களில் முதல் கனமழை பெய்து மண் நெகிழ்ந்ததும் அது பூமிக்கு மேலே வரும். வந்த உடனே பறந்து அத்தி, யூகலிப்டஸ், பனை வகை மரங்களின் உச்சிக்குப் போய் இலையைத் தின்னும். அங்கேயே இணை சேரும். பிறகு பெண் வண்டு கரும்பு வயலுக்குத் திரும்பி, மண்ணில் ஒரு முழம் வரை ஆழத்தில் முட்டையிடும். பொரிந்த வேர்ப்புழு மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கரும்பு வேரைத் தின்று வளரும். வேரிழந்த கரும்பு காற்றடித்தால் சாய்ந்துவிடும். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பும் சரியாகத் துளிர்க்காது.

இந்த நிலையில் குவீன்ஸ்லாந்துக்காரர்களுக்குப் பெரிய தைரியம் கொடுத்தது ஒரு அந்துப்பூச்சி. கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்தின் முட்டைகளை அர்ஜென்டினாவிலிருந்து 1925இல் கொண்டுவந்தார்கள். ஏழெட்டு ஆண்டுகளில் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் சப்பாத்திக்கள்ளியை வேறொரு பூச்சி, மாவுப்பூச்சியை ஒத்த ஒரு செதில்பூச்சி, இப்படித்தான் அடக்கியது. ஆனால் அந்தின் புழு கள்ளியைத் தவிர வேறெதையும் தொடாது. கள்ளி தீர்ந்தால் அதுவும் தீரும். தேரைக்கு அப்படிப்பட்ட கட்டு எதுவும் இல்லை. ஒன்றையே தின்னும் உயிரின் வெற்றியைக் காட்டி, எதையும் தின்னும் உயிரைக் கப்பலேற்றியதில்தான் தர்க்கம் இடறியது.

குவீன்ஸ்லாந்துக் கரும்பு ஆராய்ச்சி நிலையங்களின் அமைப்பு 1900இல் தொடங்கப்பட்டது. அதன் பூச்சியியலாளர் ரெஜினால்டு மங்கமரி 1935இல் ஹவாய்க்குப் போய், நூற்றுச் சொச்சம் தேரைகளைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு ஜூன் மாதம் திரும்பினார். கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே கார்டன்வேல் ஊருக்கு அருகிலுள்ள மெரிங்கா நிலையத்தில் அவற்றுக்குக் குளமும் கூண்டும் தயாராக இருந்தன. ஒரு பெண் தேரை ஒரே ஈற்றில் 8,000 முதல் 30,000 முட்டைகள் வரை இடும். முட்டைகள் நீளமான பிசின் சரங்களாகத் தண்ணீரில் கிடக்கும். ஆகஸ்ட் மாதமே 2,400 குட்டித் தேரைகளை ஓடைகளிலும் வயல்களிலும் விட்டார்கள். அவை சாம்பல்முதுகு வண்டைத் தின்னுமா, எவ்வளவு தின்னும் என்ற முறையான வயல் சோதனை ஏதும் அதற்கு முன் நடக்கவில்லை.

எதிர்ப்பு எழாமல் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசின் பூச்சியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற வால்டர் ஃபிராகட், இந்தத் தேரை முயலையும் கள்ளியையும் போல நாட்டுக்கே தொல்லையாகும் என்று எச்சரித்தார். அவருடைய வாதத்தின் அடிப்படையே உணவுதான்: எதையும் தின்னும் பிராணி வண்டோடு நிற்காது, நன்மை செய்யும் பூச்சிகளையும் சிறு பிராணிகளையும் தின்னும் என்றார். 1935இன் இறுதியில் மத்திய அரசின் சுகாதாரத் துறை மேற்கொண்டு தேரைகளை வெளியிடத் தடை போட்டது. குவீன்ஸ்லாந்து அரசும் கரும்புத் தொழிலும் அழுத்தம் கொடுத்ததில் 1936 செப்டம்பரில் தடை நீங்கியது. அதன்பின் விட்ட தேரைகள் பல்லாயிரம். அறிவியல் எச்சரிக்கை காலத்தோடு கிடைத்தும் அரசியல் அதை மீறியதற்கு ஃபிராகட்டின் தோல்வி நல்ல சான்று. அவர் 1937இல் காலமானார்.

வயலில் நடந்தது இதுதான். வண்டு மரத்தின் உச்சியில், புழு மண்ணின் ஆழத்தில், தேரையோ தரையில். மண்ணைவிட்டு வெளிவரும் சில நிமிடங்களிலும், முட்டையிட இறங்கும் சிறு பொழுதிலும் மட்டுமே வண்டு அதன் எல்லைக்குள் வந்தது. தேரைக்கு மரம் ஏறத் தெரியாது, ஆழமாகத் தோண்டவும் தெரியாது. இளங்கரும்பு வயலில் நிழலும் ஈரமும் போதவில்லை. தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சியும் இழந்தும் வாழும் பிராணிக்கு வெயிலில் காயும் வெற்று மண் ஆகாத இடம். ஆகவே தேரைகள் வயலைவிட்டு வெளியேறி, ஓடைக்கரைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் குடியேறின. கரும்பைக் கடைசியில் காப்பாற்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி. அது நிலத்தில் நெடுங்காலம் நஞ்சாகத் தங்கும் பொருள் என்பது வேறு கதை.

கரும்பு வயலுக்கு வெளியே தேரையின் உணவுப் பழக்கம் சூழலுக்கு ஏற்ப விரிந்த விதம் வியப்பானது. தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்தால் பூச்சி தானாக வந்து விழும் என்பதைத் தேரைகள் விரைவில் கண்டுகொண்டன. இரவில் ஒரே விளக்கடியில் கூட்டமாகக் காத்திருப்பதை வடக்கு ஆஸ்திரேலிய ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். தேன் வளர்ப்பவர்களின் பெட்டி வாசலில் உட்கார்ந்து, கொட்டுகளைப் பொருட்படுத்தாமல் தேனீக்களை ஒவ்வொன்றாக விழுங்கின. அதனால் பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்களின் மேல் வைப்பது வழக்கமாயிற்று. நகரும் இரையை மட்டுமே காணும் என்று கருதப்பட்ட இனத்தில், நாய்க்கு வைத்த உணவை வாசனையால் கண்டுபிடித்து அசையாத தட்டிலிருந்தே தின்னும் பழக்கமும் பதிவாகியிருக்கிறது. கண்ணின் விதியை மூக்கு மீறுகிறது என்பது ஆய்வாளர்களையே திகைக்கவைத்த செய்தி.

சாண வண்டுகளின் கதை இன்னும் கசப்பானது. ஆஸ்திரேலியாவின் சொந்தச் சாண வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவை சீந்தவில்லை. மேய்ச்சல் நிலமெங்கும் சாணம் குவிந்து ஈ பெருகியதால், 1960களின் பிற்பாதியிலிருந்து அந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ வெளிநாட்டுச் சாண வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது. தேரைகள் மாலையில் சாணத்தருகே வந்து உட்கார்ந்து, வந்திறங்கும் வண்டுகளை வயிறு முட்டத் தின்றன. ஒரு தொல்லைக்கு மருந்தாக வரவழைத்த உயிரை, இன்னொரு தொல்லைக்கு மருந்தாக வந்த உயிர் தின்றது.

வறண்ட உட்பகுதியில் பசியைவிடத் தாகமே பெரிது. கோடையில் தேரை சில நாட்களுக்கு ஒருமுறையாவது தண்ணீரில் தோலை நனைக்க வேண்டும். எனவே அது இரை தேடும் பரப்பு கால்நடைகளுக்கு வெட்டிய குட்டைகளைச் சுற்றியே சுருங்குகிறது. சில குட்டைகளைத் தேரை நுழையாதபடி துணிவேலியால் அடைத்துப் பார்த்ததில் அந்த வட்டாரத்துத் தேரைகள் மடிந்தன. மழை தொடங்கியதும் தடை நீங்கும். இரவோடிரவாக அவை பரவும். இப்படி மழைக்கு மழை மேற்கே நகர்ந்து 2001இல் காகடு தேசியப் பூங்காவையும், 2009இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையையும் தொட்டன. முன்னணியில் போகும் தேரைகளுக்குப் பின்தங்கியவற்றைவிடக் கால்கள் நீளமாக இருப்பதை 2006இல் உயிரியலாளர் ரிக் ஷைன் குழுவினர் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்துக் கிலோமீட்டரளவில் இருந்த பரவல் பின்னாளில் ஐம்பதைத் தாண்டியது. தேரையைத் தின்ற உடும்புகளும் நன்னீர் முதலைகளும் குவோல் என்ற பைப்பாலூட்டிகளும் அதன் தோல் நஞ்சால் பெருமளவில் செத்தன.

எண்ணிக்கை மிகுந்துபோனதன் விளைவு தலைப்பிரட்டைகளின் உணவிலும் தெரிகிறது. தாயகத்தில் கரும்புத் தேரையின் தலைப்பிரட்டைகள் பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்பவை. ஆஸ்திரேலியாவின் குட்டைகளில் ஒரே இனம் நெருக்கியடித்துக்கொண்டு வளர்வதால், முன்னே பிறந்த தலைப்பிரட்டைகள் பின்னே இடப்பட்ட சொந்த இனத்து முட்டைகளையும் அப்போதுதான் பொரிந்த குஞ்சுகளையும் தேடித்தேடித் தின்கின்றன. 2021இல் வெளியான ஆய்வின்படி, ஆஸ்திரேலியத் தலைப்பிரட்டைகள் தாயகத்தவற்றைவிட 2.6 மடங்கு அதிகமாக இப்படிச் செய்கின்றன. குஞ்சுகளும் சும்மா இருக்கவில்லை. ஆபத்தான அந்தப் பருவத்தை ஆஸ்திரேலியாவில் அவை வேகமாகக் கடந்துவிடுகின்றன. கப்பலேறி வந்து 86 ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

இந்தப் பசியையே பொறியாக மாற்றியிருக்கிறார்கள். முட்டையிலுள்ள நஞ்சின் வாடை தலைப்பிரட்டைகளை ஈர்க்கும். அதே நஞ்சை வளர்ந்த தேரையின் சுரப்பியிலிருந்து எடுத்துக் கூண்டுப் பொறியில் வைத்தால், தேரைத் தலைப்பிரட்டைகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. உள்நாட்டுத் தவளைகளின் தலைப்பிரட்டைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குட்டையளவில் இது பயன் தருகிறது. ஆனால் 20 கோடிக்கு மேல் என்று மதிப்பிடப்படும் ஆஸ்திரேலியத் தேரைகளின் மொத்த எண்ணிக்கையை அது தொடவில்லை.

குவீன்ஸ்லாந்துக் கரும்பு வயல்களில் பிஎச்சியின் காலம் 1980களில் முடிந்தது. வேர்ப்புழு இன்றும் இருக்கிறது. அதற்கு எதிராக இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளையும், புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையையும் உழவர்கள் மண்ணில் இட்டுவந்திருக்கிறார்கள்.